பெயரில்லாப் பொம்மையும் பெயருள்ள கல்லும்



சென்ற திங்கள் ஓசூர்த் தொழிற்பேட்டையை அடுத்த குடியிருப்பு ஒன்றில், நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். தந்தையார் ஆலைப் பணிக்குச் சென்றிருந்தார். தாயார் அடுக்களையில் இருந்தார். அவர்தம் எட்டு வயது மகன் கூடத்தின் தரையில் ஒரு பெரும் போரையே நடத்திக்கொண்டிருந்தான். காலணி வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று அவன் பக்கத்தில் திறந்து கிடந்தது. அதிலிருந்து பச்சை நிறப் பிளாஸ்டிக் வீரர்கள், கட்டைவிரல் உயரத்தினர், அணி அணியாக வெளிவந்தனர். பீரங்கி வண்டிகள் இரண்டு, போர் விமானம் ஒன்று, இராணுவச் சரக்குந்து ஒன்று. ஒவ்வொன்றின் பெயரையும், அதன் வேகத்தையும், அது எத்தனை குண்டுகளைச் சுமக்கும் என்பதையும் அவன் தடையின்றிச் சொன்னபோது நாம் வியந்து போனோம்.

சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த அவனுடைய பாட்டி, கையிலிருந்த செபமாலையை மடியில் வைத்துவிட்டு, மண்டியிட்ட நிலையில் துப்பாக்கி ஏந்திய ஒரு பொம்மையை எடுத்துப் பார்த்தார்.

"ஏன் ராசா, வண்டிக்கெல்லாம் பேரு சொன்னியே, இவனுக்குப் பேரு என்ன?" என்று கேட்டார்.

"பேரா பாட்டி? இவன் சோல்ஜர். அவ்வளவுதான்."

"சோல்ஜருன்னா பேரு இருக்காதா? என் தம்பிக்கு இருந்துச்சே!"

சிறுவன் விடை சொல்லவில்லை. அந்த மூதாட்டியின் தம்பி பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியாளர் படையில் பணியாற்றி, இளம் வயதிலேயே எல்லைப்புறத்தில் உயிர்நீத்தவர் என்பதை நாம் முன்னரே அறிவோம். அப்படையின் வீரர்களை இராணுவத்தில் அனைவரும் 'தம்பி' என்றே அன்போடு அழைப்பது வழக்கம். ஆகவே அவர் 'என் தம்பி' என்று சொன்ன சொல் நம் நெஞ்சில் இருமடங்காக ஒலித்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே நம்மைத் தொடர்ந்து வந்தது. வண்டிக்குப் பெயர் உண்டு. விமானத்திற்குப் பெயர் உண்டு. மனிதனுக்கு மட்டும் ஏன் இல்லை? இத்திங்கள் அதுபற்றியே உங்களோடு உரையாட விழைகிறோம்.

போர்வீரரையும் அவர்தம் கருவிகளையும் சிற்றுருவங்களாகச் செய்து போற்றும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் செருமனியின் நியூரம்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள் வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்து விற்றனர். 1893-இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளே கூடாக இருக்கும்படி ஈயப் பொம்மைகளை வார்க்கும் முறையைக் கண்டறிந்தனர். ஈயம் குறைவாகச் செலவானதால் விலையும் குறைந்தது. எளிய வீட்டுச் சிறுவர்க்கும் ஒரு படை கிடைத்தது. ஒவ்வொரு படைப்பிரிவின் சீருடையையும் தலைப்பாகையையும் அவர்கள் நுணுக்கமாகத் தீட்டினர். இந்தியக் குதிரைப்படையினரையும் சென்னைக் காலாட்படையினரையும் கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. குழந்தைகளின் உடல்நலத்திற்கு ஈயம் தீங்கு என்று உணரப்பட்டபின், 1966-இல் அந்நிறுவனம் ஈயப் பொம்மைகளைச் செய்வதை நிறுத்தியது. பிளாஸ்டிக் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றோ பழைய ஈய வீரர்களைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பேழையில் வைப்போர் பல நாடுகளில் உள்ளனர்.

எச்.ஜி.வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் இத்தகைய பொம்மை வீரரைக் கொண்டு ஆடும் விளையாட்டிற்கு விதிகள் வகுத்து, 1913-இல் ஒரு நூல் எழுதினார். மெய்யான போரோடு ஒப்பிட்டால் இச்சிறு போர் எவ்வளவோ மேல் என்பது அவர் கருத்து. இதில் எவர் வீட்டிலும் அழுகுரல் எழுவதில்லை அன்றோ! அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. அப்பொம்மைகளோடு விளையாடி வளர்ந்த எத்தனையோ இளைஞர் அப்போர்க்களத்துப் பதுங்கு குழிகளில் மாண்டனர் என்பது வரலாற்றின் கொடிய முரண்.

ஆனால், வாசகர்களே, வீரனையும் அவன் படைக்கலத்தையும் சிற்றுருவமாகச் செய்து போற்றும் கலையை நாம் நியூரம்பர்க்கிலிருந்தோ இலண்டனிலிருந்தோ கற்க வேண்டியதில்லை. நாம் வாழும் இக்கிருஷ்ணகிரி மண்ணில், ஏரிக்கரையிலும் புளியமர நிழலிலும் வயல் வரப்பிலும், ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த அம்மரபின் சின்னங்கள் நின்றுகொண்டிருக்கின்றன. அவையே நடுகற்கள். பேருந்தில் கடந்து செல்லும்போது சன்னல் வழியே நாம் கண்டிருப்போம். ஏதோ பழைய கல் என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம்.

நடுகல் என்பது யாது? போரிலோ, ஊரைக் காக்கும் பூசலிலோ, காட்டு விலங்கோடு பொருதோ உயிர்நீத்த ஒருவனுக்காக ஊரார் நட்ட கல். பெரும்பாலானவை ஓர் ஆள் உயரத்திற்கும் குறைவானவை. பலகைக் கல்லில் மேலோட்டமான புடைப்பாக வீரனின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். இடக்கையில் வில்லும் வலக்கையில் வாளும் கொண்டு அவன் முன்னோக்கிப் பாய்வான். இடையில் குறுவாள், சிலருக்குக் கேடயம், சிலருக்கு முதுகில் அம்பறாத்தூணி. பகைவர் எய்த அம்புகள் அவன் மார்பிலும் தொடையிலும் தைத்து நிற்கும். காலடியில் நீர் வார்க்கும் கெண்டியையும் ஒரு சிமிழையும் பல கற்களில் காணலாம். குதிரைமீது வரும் வீரரும், வேங்கையின் வாயில் குத்துவாளைச் செலுத்தும் வீரரும் உளர். பின்னவர் கல்லைப் புலிக்குத்திக் கல் என்பர். பிற்காலக் கற்கள் சிலவற்றில் துப்பாக்கி ஏந்திய வீரரையும் காணலாம். படைக்கலம் மாறி வந்த வரலாற்றை இக்கற்களை வரிசையாக நிறுத்தியே மாணவர்க்குக் கற்பித்துவிடலாம்.

உருவத்தின் மேலும் பக்கத்திலும் எழுத்துகள் உண்டு. பழையவற்றில் வட்டெழுத்து, பின்னர்த் தமிழ், எல்லைப்புறத்தில் கன்னடமும் தெலுங்கும். அவை சொல்வது மிகச் சுருக்கம். இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊரின்மீது இன்னார் படையெடுத்து வந்து தொறுவைக் கவர்ந்தபோது, இன்னாருடைய மகன் இன்னான் தொறுவை மீட்டுப் பட்டான். 'தொறு' என்றால் ஆநிரை, அதாவது ஊர் மாடுகள். 'பட்டான்' என்றால் வீழ்ந்து மாண்டான். மாடே செல்வமாகவும் உழவுக்கு உயிராகவும் இருந்த காலத்தில், மாடுகளைக் காத்தவன் ஊரின் வயிற்றையே காத்தவன். ஆகவேதான், மன்னர்க்குக்கூடச் சிலை இல்லாத ஊர்களில், மாடு மீட்ட இளைஞனுக்குக் கல் நின்றது.

பாட்டி கேட்ட கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. எழுத்துடைய நடுகல் எதனிலும் முதற்கண் நிற்பது பெயர். மன்னன் பெயர் காலத்தைக் குறிக்கவே பயன்படுகிறது. கல் யாருக்கு உரியது என்று கேட்டால், அது மாண்டவனுக்கே உரியது.

இம்மரபு எத்துணைப் பழையது என்பதையும் சிறிது காண்போம். போரில் மாண்டானுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுத்துச் சொல்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது, அதனைக் கொணர்வது, நீராட்டுவது, நடுவது, படையலிட்டுச் சிறப்புச் செய்வது, வாழ்த்துவது என்பன அவை. நம் பகுதியின் தலைவனாக விளங்கிய தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது, அவனுக்கு எழுப்பிய நடுகல்லின் முன்நின்று ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. நாடு முழுவதையும் கொடுத்தபோதும் கொள்ளாத அவன், இச்சிறு கலத்தில் வார்ப்பதையா ஏற்கப்போகிறான் என்று அம்மூதாட்டியார் நெஞ்சம் உடைந்து வினவுகிறார். கல் எவ்வளவு சிறப்புடையதாயினும் அது ஆளுக்கு ஈடாகாது என்பதை அவரைவிடத் தெளிவாக உணர்ந்தவர் யார்?

2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவை கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது அறிஞர் கருத்து. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பானின் கல். அதில் உருவமே இல்லை, படைக்கலமும் இல்லை, பெயரும் நிகழ்ச்சியும் மட்டுமே உள்ளன. உருவம் செதுக்கும் வழக்கம் வருவதற்கு முன்னரே, பெயரைப் பொறிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருந்தது என்பதற்கு இக்கல் சான்று பகர்கிறது. 6-ஆம், 7-ஆம் நூற்றாண்டுகளில், பல்லவர் காலத்தில், செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வட்டெழுத்து நடுகற்கள் பல்கிப் பெருகின. செங்கம் பகுதிக் கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நூலாகத் தொகுத்து வெளியிட்டது. அதன் பின்னரே படித்தோர் பலர் இக்கற்களின் அருமையை உணரலாயினர்.

செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரின் கல் ஒன்று, சிறுவர்க்குச் சொல்லத்தக்க கதை உடையது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவகத்தி என்பவனின் கல் அது. வீரனுக்கருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய், கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனருகே காத்து நின்றது என்று எழுத்து கூறுகிறது. நாய்க்கும் பெயர் உண்டு, பாருங்கள்!

எல்லைக்கு அப்பாலும் இதுவே வழக்கம். கன்னட நாட்டு ஆதகூரில் கிடைத்த ஏறத்தாழ கி.பி.949-ஆம் ஆண்டுக் கல், காட்டுப் பன்றியோடு பொருது அதனைக் கொன்று தானும் மாண்ட காளி என்னும் வேட்டை நாய்க்காக எடுக்கப்பட்டது. கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனுக்கு என்ன வேண்டும் என்று கேட்க, அவன் அந்நாயையே கேட்டுப் பெற்றான் என்று அக்கல் சொல்கிறது. சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரைப் பற்றிய செய்தியும் அதே கல்லில் உள்ளது. பேரரசுகளின் போரும் ஒரு நாயின் விசுவாசமும் ஒரே பலகையில் இடம் பெற்றன. இக்கல்லையும், பேகூரில் கிடைத்த, யானையும் குதிரையும் காலாளும் மோதும் பெரும்போரையே சிற்றுருவமாகக் காட்டும் புகழ்பெற்ற கல்லையும் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். ஓசூர் வாசகர்களுக்கு அது தொலைவன்று. விடுமுறை நாளில் பிள்ளைகளைப் பூங்காவிற்கும் கடைவீதிக்கும் அழைத்துச் செல்வோர், ஒரு மணி நேரம் அங்கும் செலவிடலாமே!

நம் ஓசூர் வட்டாரத்துக் கற்களில் கன்னட நாட்டுப் பாணியும் கலந்திருக்கிறது. மூன்று அடுக்காக அமைந்த கற்களில், கீழடுக்கில் வீரன் போரிடுவான். நடு அடுக்கில் கவரி வீசும் தேவமகளிர் அவனை மேலே அழைத்துச் செல்வர். மேலடுக்கில் அவன் இறைவன் திருமுன் அமர்ந்திருப்பான். மாண்டவன் மண்ணோடு முடிந்துவிடவில்லை என்னும் நம்பிக்கையே அச்சிற்பியின் கையை நடத்தியது.

இவ்வளவும் பெருமைக்குரியவை. பெருமைக்கு உரியதல்லாத ஒன்றையும் மறையாமல் சொல்ல வேண்டும். வளையல் அணிந்த கையை உயர்த்தியவாறு வீரனருகே ஒரு பெண் நிற்கும் கற்களும் நம் பகுதியில் பல உள்ளன. கணவன் மாண்டபின் தீப்பாய்ந்த பெண்டிரின் நினைவுக் கற்கள் அவை. அக்கொடிய வழக்கம் 1829-இல் வங்கத்திலும் 1830-இல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் தடுக்கப்பெற்றது. அக்கற்களின் முன் நிற்கும்போது நமக்கு வீரம் நினைவுக்கு வருவதில்லை. போரின் விலையை வீட்டிலிருந்த பெண் கொடுத்தாள் என்பதே நினைவுக்கு வருகிறது.

அதே காலத்து மக்கள் வேறோர் அரிய வழக்கத்தையும் கைக்கொண்டிருந்தனர். ஊருக்காக உயிர் கொடுத்தவனின் குடும்பத்திற்கு நிலம் விடுவதே அது. தமிழ்க் கல்வெட்டுகளில் அதற்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். சிந்திய குருதிக்கு ஈடாக விட்ட நிலம் என்பது பொருள். 'நெய்த்தோர்ப்பட்டி' என்றும் சொல்வர். நெய்த்தோர் என்பதும் குருதியே. கன்னடத்திலும் 'நெத்தர' என்னும் சொல்லை முன்வைத்து இத்தகைய கொடையைக் குறிப்பிடுவர். கல்லை நட்டுவிட்டுக் கைகழுவிச் செல்லவில்லை அம்மக்கள். அவன் பிள்ளைகள் என்ன உண்பர் என்றும் கேட்டனர். கல்லும் நிலமும் சேர்ந்ததே அவர்கள் கண்ட வீரவணக்கம்.

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். முதல் உலகப்போரில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து பணியாற்றினர். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். போர் முடிந்தபின் ஆங்கில அரசு நம் ஊர்கள் பலவற்றில் சிறு கற்பலகைகளைப் பதித்தது. அவற்றை இன்றும் காணலாம். இவ்வூரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர். அவருள் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்பதே வாசகம். எண் உண்டு, பெயர் இல்லை. புலிமான்கோம்பையின் மக்கள் எழுத்துக் கற்ற தொடக்கத்திலேயே அந்தவன் பெயரைக் கல்லில் வெட்டினர். அச்சகமும் ஆவணக் காப்பகமும் உடைய ஒரு பேரரசு, ஓர் ஊரில் மாண்ட இருவர் மூவர் பெயரை எழுதாமல் எண்ணை எழுதிச் சென்றது. நாகரிகம் வளர்ந்தது என்று நாம் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில பெயர்கள் மறையாமல் நின்றன. தமிழகத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மதராஸ் பொறியாளர் படையில் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலி நாட்டின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தார். உடன் வந்தவர் ஒருவரின் காலடியில் வெடி ஒன்று தூண்டப்பட்டது. அது வெடிப்பதற்கு இருந்த சில நொடிகளில் அவர் அதன்மேல் தம் உடலைக் கிடத்தி, தோழர்களைக் காத்துத் தாம் மாண்டார். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருதை முதன்முதலாகப் பெற்ற இந்தியர் அவரே. அவர் எவரையும் கொல்லவில்லை. பிறர் சாவைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். தன் நண்பருக்காக உயிரைக் கொடுப்பதினும் மேலான அன்பு இல்லை என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த நமக்கு, அதன் பொருளை ஒரு கண்ணிவெடியின்மேல் எழுதிக் காட்டியவர் அவர்.

புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவிடத்தில், விடுதலைக்குப்பின் மாண்ட 25,000-க்கு மேற்பட்ட வீரரின் பெயர்கள் கருங்கற் பலகைகளில் பொன்னெழுத்துகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் தொடங்கிய வழக்கத்திற்கு நாடு மீண்டும் திரும்பியிருக்கிறது என்றே நாம் அதனைக் கருதுகிறோம்.

இவை அனைத்தையும் இப்போது நாம் நினைவுகூரக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் வேகமாக மாறி வருகிறது. இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு.2172 அளவினது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. அத்துணைத் தொன்மையான உலோகத் தொழில் நடந்த நிலம் இது. இன்று ஓசூர், தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்திற்கெனக் குறிக்கப்பெற்ற ஐந்து மையங்களுள் ஒன்று. படையினர் பரவலாகப் பயன்படுத்தும் ஸ்டாலியன் சரக்குந்தை உருவாக்கிய அசோக் லேலண்ட் நிறுவனத்திற்கு ஓசூரில் ஆலைகள் உண்டு. அச்சிறுவனின் அட்டைப்பெட்டியில் இருந்த சரக்குந்தைப் போன்றவற்றின் உறுப்புகளைச் செய்து நம் பங்குக் குடும்பங்கள் பல உணவு உண்கின்றன. அது நேர்மையான உழைப்பு. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் கருவியைச் செய்யும் ஊர், கருவியை ஏந்துபவனை மறந்துவிடக் கூடாது.

அந்த மறதி தொடங்கிவிட்டதோ என்று அஞ்சுகிறோம். சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்துக் கல் புரட்டித் தள்ளப்படுகிறது. மனை பிரிக்கும்போது அது மண்ணுக்குள் போகிறது. துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலத்துப் பலகையாகவும் அது பயன்படுகிறது. புதையல் இருக்கும் என்னும் பேராசையால் அடியைத் தோண்டிச் சாய்ப்போரும் உளர். கருங்கல் வெட்டி மெருகேற்றி உலகெங்கும் அனுப்பும் மாவட்டம் நம்முடையது. அவ்வளவு கல் இருந்தும், எழுத்துள்ள ஒரு கல்லைக் காப்பாற்ற நமக்கு இடமில்லையா?

செல்வர் சிலர் பழங்கல்லை அழகுப் பொருளாக எண்ணித் தம் தோட்டத்தில் நிறுத்த விரும்புவதும் உண்டு. பொம்மை வீரரைச் சேர்ப்பது போல் நடுகல்லைச் சேர்க்க இயலாது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ்த் தொல்பொருளாகும். உரிமம் இன்றி விற்பதும், வெளிநாட்டிற்குக் கொண்டு செல்வதும் குற்றம். சட்டத்தைவிட வலுவான காரணம் ஒன்றும் உண்டு. நின்ற இடத்திலிருந்து பெயர்த்த நடுகல் பாதி ஊமையாகிவிடுகிறது. எந்த ஏரிக்கரையில் அவன் வீழ்ந்தான், எந்த ஊரின் மாடுகளை மீட்டான் என்பதை அந்த இடமே சொல்கிறது.

நம் குடும்பங்கள் இதில் என்ன செய்யலாம்? முதலாவதாக, உங்கள் ஊரிலோ நிலத்திலோ இத்தகைய கல் இருப்பின் அதனை அசைக்காதீர்கள். எழுத்து நன்கு தெரியவேண்டும் என்று கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். சுண்ணாம்போ வண்ணமோ பூசாதீர்கள். ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திற்கோ தொல்லியல் துறைக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள். இரண்டாவதாக, இக்கற்கள் பலவற்றை நம் அண்டை அயலார் வேடியப்பன் என்னும் பெயரால் வழிபட்டு வருகின்றனர். அவ்வழிபாடு நமக்கு உரியதன்று என்பதால் இகழ்ச்சியாகப் பேசுவது தகாது. பல நூற்றாண்டுகளாக அக்கற்களை உடையாமல் காத்து நம் கையில் கொடுத்திருப்பது அவ்வெளிய மக்களின் பற்றே. மூன்றாவதாக, நவம்பர்த் திங்களில் நம் கல்லறைத் தோட்டங்களைத் துப்புரவு செய்து, சிலுவைகளுக்கு வெள்ளையடித்து, பெயர்களை மீண்டும் எழுதுகிறோம் அல்லவா? அவ்வேளையில் நம் பங்கிலிருந்து படைக்குச் சென்று மாண்டவர் எவரேனும் உளரா என்று முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். அம்முதியோர் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

பிள்ளைகளின் பொம்மைத் துப்பாக்கியைப் பறித்து எறியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. மறுத்தால் குச்சியை எடுத்துக்கொண்டு சுடுவார்கள். அது நாம் எல்லோரும் செய்ததே. ஆயினும் பொம்மை வீரன் வீழ்ந்தால் மறுநொடி எழுந்து நிற்பான் என்பதையும், மெய்யான வீரன் எழுவதில்லை என்பதையும் யாராவது ஒருவர் அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்லத் தக்கவர் பெரும்பாலும் வீட்டில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.

அந்தச் சிறுவனை அதற்கடுத்த சனிக்கிழமையன்று, பெற்றோர் இசைவோடு, கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றோம். பாட்டியும் உடன் வந்தார். அங்கே வைத்துக் காக்கப்பெறும் நடுகற்களின் முன் அவன் நெடுநேரம் நின்றான். முதலில் வாளின் நீளத்தைப் பார்த்தான். பின்னர் உடலில் தைத்த அம்புகளை விரல்விட்டு எண்ணினான். பாட்டியோ வீரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொறு மீட்டுப் பட்ட வீரரின் கதையை நாம் சொல்லி முடித்ததும், சிறுவன் நம்மை நிமிர்ந்து நோக்கிக் கேட்டான்:

"அப்போ அந்த மாடுங்க எல்லாம் திரும்பி வந்துச்சா?"

நாம் விடை தேடிக்கொண்டிருந்தபோது, பாட்டியே சொன்னார்: "வந்துச்சு கண்ணு. மாடெல்லாம் வந்துச்சு. அவருதான் வரல."

அதற்குமேல் அங்கு எவரும் பேசவில்லை.

ஆண்டுதோறும் திசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள். 1949 முதல் நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒரு சிறு காகிதக் கொடியைச் சட்டையில் குத்திவிட்டு உண்டியலை நீட்டுவார்கள். சில்லறையைப் போட்டுவிட்டு, மாலையில் கொடியைக் குப்பையில் எறிந்துவிடுவது நம்மில் பலரின் பழக்கம். அத்தொகை முன்னாள் படைவீரர் நலனுக்கும், மாண்டவர்தம் மனைவி மக்களின் வாழ்விற்கும் செல்கிறது. உதிரப்பட்டி என்று நம் முன்னோர் வழங்கியதன் இன்றைய வடிவம் அந்த உண்டியல். இவ்வாண்டு அதனை நீட்டும் மாணவனைச் சற்று நிறுத்தி, நம் பிள்ளையின் கையால் தாராளமாகப் போடச் செய்வோம். அக்கொடியை எறியாமல் வீட்டில் ஒரு புத்தகத்தின் நடுவே வைப்போம். நமக்குத் தெரிந்த ஒரு வீரரின் பெயரை அதன் பின்புறம் எழுதி வைப்போம்.

அந்த மூதாட்டி தம் தம்பியின் பெயரை எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் எந்தப் பெயர் எழுதப்படும், அன்பர்களே?